முதல் டீமேட் கணக்கு தொடங்கும் முன்: பங்குத் தரகரை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி

பங்குச் சந்தையில் முதலீடு செய்யத் தீர்மானித்த நாளில், நண்பர் அனுப்பிய இணைப்பைத் தொட்டு, 'இலவசக் கணக்கு' என்ற ஒரே சொல்லை நம்பி, ஒரு தரகு நிறுவனத்தில் டீமேட் கணக்கு, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு, தொடங்கினேன். அந்தக் கணக்கிலிருந்து வெளியேறி எனக்கு ஏற்ற வேறொன்றுக்கு மாற ஓராண்டுக்கு மேல் ஆனது. கட்டணம், ஆவணம், காலம் என எல்லா இடத்திலும் நான் செய்த தவறுகள், கணக்குத் தொடங்கும் முன் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவை. இந்தியாவில் முதன்முறையாகக் கணக்குத் தொடங்குபவர்களுக்காக, அந்த ஒரு மாலையில் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். எந்த நிறுவனத்தையும் நான் பரிந்துரைக்கப் போவதில்லை. உங்கள் பழக்கத்துக்கு ஏற்றது எது என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும் வழியைத்தான் சொல்கிறேன்.

1. முதலில் உங்களைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள்

தரகர்களின் இணையதளங்களைத் திறப்பதற்கு முன், ஒரு தாளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். மாதம் எத்தனை முறை வாங்குவீர்கள்? ஒரு முறைக்குச் சராசரியாக எவ்வளவு ரூபாய்? வாங்கியதை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பீர்களா, அன்றன்றே விற்பீர்களா? சிக்கல் வந்தால் தொலைபேசியில் ஒரு மனிதரிடம் பேச வேண்டும் என்று நினைப்பவரா, செயலியிலேயே பார்த்துக்கொள்பவரா?

ஒருவருக்கு மலிவான தரகர் இன்னொருவருக்கு விலை உயர்ந்தவராக இருப்பது இந்தப் பதில்களால்தான். மாதம் 1,000 ரூபாய்க்கு இடிஎஃப் (பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் நிதி அலகு) வாங்குபவர், ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய் என்ற நிலையான தரகு வாங்கும் நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்தால், ஜிஎஸ்டியும் சேர்த்து 23 ரூபாய் 60 காசு, அதாவது போட்ட பணத்தில் 2.36 சதவீதம், வாங்கும்போதே போய்விடுகிறது. அதே 20 ரூபாய், ஒரே ஆர்டரில் 2 லட்சம் ரூபாய்க்கு வாங்குபவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

2. பதிவு பெற்ற தரகர்தானா என்று சரிபாருங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் இதைத் தவிர்த்தவர்கள்தான் மொத்தப் பணத்தையும் இழந்திருக்கிறார்கள். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் இணையதளத்தில் பதிவு பெற்ற பங்குத் தரகர்களின் பட்டியல் உள்ளது. தரகரின் பதிவு எண் 'ஐஎன்இசட்' என்ற எழுத்துகளில் தொடங்கும். நிறுவனத்தின் இணையதளத்தின் அடிப்பகுதியில் அச்சிடப்பட்டுள்ள எண்ணையும் செபியின் பட்டியலில் உள்ள எண்ணையும், பெயரையும் முகவரியையும் சேர்த்து, ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் சேர்க்கப்பட்டு, அங்கே தரப்படும் இணைப்பிலிருந்து ஒரு செயலியை நிறுவி, அதில் லாபம் ஏறுவதைப் பார்த்து மேலும் மேலும் பணம் அனுப்பி ஏமாந்தவர்கள் ஏராளம். அந்தச் செயலிகளில் தெரியும் லாபம் வெறும் எண். உண்மையான தரகருக்குப் பணம் அனுப்பும்போது, அது உங்கள் பெயரிலுள்ள, ஏற்கெனவே இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கிலிருந்துதான் செல்ல வேண்டும். ஒரு தனிநபரின் பெயரிலுள்ள கணக்குக்கோ, வாரம் ஒன்றாக மாறும் கணக்குக்கோ பணம் கேட்டால் அந்த நொடியிலேயே நிறுத்திவிடுங்கள்.

பதிவை உறுதிசெய்த பிறகு, தேசியப் பங்குச் சந்தையின் இணையதளத்தில் தரகர் வாரியாக வெளியிடப்படும் புகார் விவரங்களையும் ஒருமுறை பாருங்கள். புகார்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிய நிறுவனம் எப்போதும் மோசமாகத் தெரியும். வாடிக்கையாளர் எண்ணிக்கையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

3. கட்டணங்களை ஒரே அட்டவணையில் எழுதிக் கூட்டுங்கள்

இந்தப் படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. விளம்பரத்தில் வருவது தரகுத் தொகை மட்டும். நீங்கள் செலுத்துவது அதைவிட நீளமான பட்டியல்.

எந்தத் தரகரிடம் சென்றாலும் மாறாத செலவுகள் சில உண்டு. டெலிவரியாக, அதாவது பங்கை டீமேட் கணக்கில் எடுத்து வைத்துக்கொள்ளும் முறையில், வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், வாங்கும்போது மட்டும் முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், அவற்றோடு பங்குச் சந்தையின் பரிவர்த்தனைக் கட்டணம், செபியின் சிறு கட்டணம், தரகுக்கும் இந்தக் கட்டணங்களுக்கும் சேர்த்து 18 சதவீத ஜிஎஸ்டி. இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை. தரகருக்குத் தரகர் மாறுபவை இவை: கணக்குத் தொடங்கும் கட்டணம், தரகு, டீமேட் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம், விற்கும்போது பங்கு டீமேட் கணக்கை விட்டு வெளியேறுவதற்கு வரும் டிபி கட்டணம், தொலைபேசியில் ஆர்டர் கொடுத்தால் வரும் கட்டணம், இன்ட்ராடேயில் (அன்றே வாங்கி அன்றே விற்கும் முறையில்) வாங்கியதை நீங்கள் விற்க மறந்து அவர்கள் முடித்துவைத்தால் வரும் அபராதம், பணம் செலுத்தத் தாமதமானால் வட்டி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 5,000 ரூபாய்க்கு ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கி, அதே விலைக்கு விற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரிகளும் சந்தைக் கட்டணங்களும் இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ 11 ரூபாய். டிபி கட்டணம் 13 ரூபாயும் ஜிஎஸ்டியும் என்றால் 15 ரூபாய் 34 காசு. டெலிவரிக்குத் தரகே வாங்காத நிறுவனத்தில் மொத்தச் செலவு சுமார் 26 ரூபாய் 50 காசு. ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் நிறுவனத்தில் சுமார் 74 ரூபாய். 0.5 சதவீதத் தரகு வாங்கும் முழுச்சேவை நிறுவனத்தில் சுமார் 85 ரூபாய்.

அதே கணக்கை 1 லட்சம் ரூபாய்க்குப் போட்டால் படம் மாறிவிடும். தரகில்லாத நிறுவனத்தில் ஏறத்தாழ 237 ரூபாய், 20 ரூபாய் நிறுவனத்தில் ஏறத்தாழ 285 ரூபாய், 0.5 சதவீத நிறுவனத்தில் 1,400 ரூபாய்க்கும் மேல். நிலையான 20 ரூபாயும் 0.5 சதவீதமும் சமமாகும் இடம் 4,000 ரூபாய். அதற்குக் குறைவான ஆர்டர்களுக்குச் சதவீத முறை மலிவாகத் தோன்றும். ஆனால் சதவீத முறை வைத்திருக்கும் பல நிறுவனங்களில் 'குறைந்தபட்சத் தரகு' என்ற ஒரு வரி கட்டணப் பட்டியலின் அடியில் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள்.

டிபி கட்டணத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் ஏமாந்தது அங்கேதான். டீமேட் கணக்கிலிருந்து ஒரு நிறுவனத்தின் பங்கு வெளியே செல்லும் ஒவ்வொரு நாளும், எத்தனை பங்கு என்பதைப் பொருட்படுத்தாமல், நிறுவனம் ஒன்றுக்கு ஒரு கட்டணம் பிடிக்கப்படுகிறது. பொதுவாக ஜிஎஸ்டி உட்பட 13 முதல் 25 ரூபாய் வரை. முதல் ஆண்டில் ஒருநாள், ஆறு நிறுவனங்களில் தலா ஓரிரு பங்குகளை விற்றேன். விற்ற மொத்த மதிப்பே 4,000 ரூபாயைத் தொடவில்லை. அன்று மாலை மின்னஞ்சலில் வந்த ஒப்பந்தக் குறிப்பில் (அன்றைய பரிவர்த்தனைகளின் விவரச் சீட்டில்) தரகு பூஜ்யம் என்று இருந்ததைப் பார்த்து மகிழ்ந்தேன். இரண்டு நாள் கழித்து, வங்கிக்கு எடுக்க வேண்டிய தொகை ஏன் குறைகிறது என்று, தரகரிடமுள்ள என் வரவு செலவுப் பதிவான லெட்ஜரைத் திறந்தபோது, ஆறு நிறுவனங்களின் பெயரும் ஆறு வரிகளாக, ஒவ்வொன்றின் எதிரிலும் 15.34 என்று பற்று எழுதப்பட்டிருந்தது. 92 ரூபாய், அதாவது விற்றதில் 2 சதவீதத்துக்கும் மேல். டிபி கட்டணம் ஒப்பந்தக் குறிப்பில் வருவதில்லை, லெட்ஜரில்தான் வரும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் அப்படியே. ஆகவே ஒரு தரகரின் உண்மையான விலையை அறிய விரும்பினால், ஏற்கெனவே அங்கே கணக்கு வைத்திருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் ஓராண்டு லெட்ஜரைக் காட்டும்படி கேளுங்கள். எந்த விளம்பரமும் அதைப் போல் பேசாது.

4. 'இலவசம்' எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள்

கணக்குத் தொடங்கக் கட்டணமில்லை என்பதும், பராமரிப்புக் கட்டணமில்லை என்பதும் வெவ்வேறு. பல நிறுவனங்களில் முதல் ஆண்டுக்கு மட்டும் பராமரிப்புக் கட்டணம் தள்ளுபடி; இரண்டாம் ஆண்டிலிருந்து சில நூறு ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். சிலர் காலாண்டுக்கு ஒருமுறை பிரித்துப் பிடிப்பதால் கண்ணில் படுவதில்லை.

சிறு முதலீட்டாளர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. அடிப்படைச் சேவை டீமேட் கணக்கு என்ற வகையில், 2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, பங்குகளின் மதிப்பு 4 லட்சம் ரூபாய் வரை இருந்தால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. 4 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 100 ரூபாய் மட்டுமே. ஆனால் முதல் உரிமையாளராக உங்கள் பெயரில் நாடு முழுவதும் ஒரே ஒரு டீமேட் கணக்கு மட்டுமே இருக்க வேண்டும். ஊக்கத்தொகைக்காக இரண்டு மூன்று இடங்களில் 'இலவச' கணக்குத் தொடங்கியவர்கள் இந்தச் சலுகையைத் தாங்களாகவே இழக்கிறார்கள். எங்கோ பயன்படுத்தாமல் கிடக்கும் பழைய கணக்கு ஒன்று உங்கள் பான் எண்ணில் இருந்தால், புதியதைத் தொடங்கும் முன் அதை மூடிவிடுங்கள்.

5. ஆவணங்கள்: பெயரும் இனிஷியலும் பொருந்துகின்றனவா?

தேவையானவை குறைவுதான். பான் அட்டை, ஆதார், ஆதாரோடு இணைக்கப்பட்ட கைபேசி எண், பெயர் அச்சிடப்பட்ட ரத்து செய்த காசோலை அல்லது வங்கிக் கணக்கு அறிக்கை, வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்தின் படம், கேமரா முன் எடுக்கும் படம். ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்த வணிகம்) பிரிவும் வேண்டும் என்றால் மட்டும், ஆறு மாத வங்கி அறிக்கை, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு போன்ற வருமானச் சான்று ஒன்று கூடுதலாகத் தேவை. பானும் ஆதாரும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

தமிழர்களாகிய நமக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் இனிஷியல் வங்கியில் ஒரு மாதிரி, பானில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருக்கும். என் பான் அட்டையில் தந்தையின் பெயர் முழுமையாக விரிந்து முன்னால் நின்றது. வங்கியில் ஓர் எழுத்தாகச் சுருங்கிப் பின்னால் இருந்தது. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கத் தரகர் 1 ரூபாய் அனுப்புவார். அந்த ரூபாய் வந்து சேர்ந்தது, ஆனால் வங்கி திருப்பி அனுப்பிய பெயர் பானிலுள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. வங்கிக் கிளைக்குச் சென்று, பானின் நகலைக் கொடுத்து, கணக்கில் பெயரைத் திருத்திய பிறகுதான் மூன்றாம் முறை ஏற்கப்பட்டது. மொத்தம் மூன்று வாரம் போனது. விண்ணப்பிக்கும் முன் பான், ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் மேசையில் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். திருத்த வேண்டும் என்றால் வங்கியில் திருத்துவதுதான் பெரும்பாலும் விரைவானது.

எல்லாம் பொருந்தினால், ஆதார் ஓடிபி மூலம் மின்கையொப்பம் இட்டபின் ஒன்று முதல் மூன்று வேலைநாட்களில் கணக்கு தயாராகிவிடும். ஒரு குறிப்பிட்ட புதிய பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிப்பதற்காகக் கணக்குத் தொடங்குகிறீர்கள் என்றால், குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகத் தொடங்குங்கள்.

6. மின்கையொப்பத்துக்கு முன் எதற்கெல்லாம் 'சரி' சொல்கிறீர்கள் என்று படியுங்கள்

விண்ணப்பத்தில் பல கட்டங்கள் முன்பே தேர்வு செய்யப்பட்டிருக்கும். இவற்றில் மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவு. புதியவருக்கு இது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இந்தப் பிரிவில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டமடைந்திருக்கிறார்கள். கட்டத்தை நீக்கிவிட்டால் பின்னர் எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, எம்டிஎஃப் எனப்படும் கடன் வசதி. தரகர் பணம் கொடுத்துப் பங்கு வாங்க உதவும் இந்த வசதிக்கு நாள்கணக்கில் வட்டி ஏறும். பல இடங்களில் ஆண்டுக்கு 10 முதல் 18 சதவீதம் வரை. வாங்கும் திரையில் 'டெலிவரி' என்ற பொத்தானுக்குப் பக்கத்திலேயே இதுவும் இருக்கும், 'குறைந்த பணத்தில் அதிகம் வாங்குங்கள்' என்று எழுதியிருக்கும். கையில் முழுப் பணம் இருந்தும் தவறான பொத்தானை அழுத்தி வட்டி கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது, டிடிபிஐ. நீங்கள் விற்கும் பங்குகளை டீமேட் கணக்கிலிருந்து எடுக்கத் தரகருக்குக் கொடுக்கும் எழுத்துப்பூர்வ அதிகாரம் இது. முன்பு இதற்காகப் பொது அதிகாரப் பத்திரம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது தவறாகப் பயன்படுத்தப்பட்டதால், 2022 நவம்பர் முதல் விற்பனை, அடமானம் போன்ற குறிப்பிட்ட செயல்களுக்கு மட்டும் செல்லும் இந்தக் குறுகிய ஆவணம் வந்தது. இதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. கொடுக்காவிட்டால், விற்கும்போது டிபின் எனப்படும் ரகசிய எண்ணும் ஓடிபியும் கொண்டு நீங்களே ஒப்புதல் தர வேண்டும். எப்போதாவது விற்பவருக்கு அந்த ஓடிபி முறையே போதும், பாதுகாப்பும் அதிகம். ஆனால் டிபின் எண்ணைக் கணக்குத் தொடங்கிய வாரத்திலேயே பெற்று வைத்துக்கொள்ளுங்கள். விலை சரியும் காலைப்பொழுதில் அதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

நாமினியின் பெயரை அப்போதே சேர்த்துவிடுங்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று விட்ட குடும்பங்கள் பின்னர் சான்றிதழ்களுக்காக அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

7. ஒரு பங்கை வாங்கி, விற்று, பணத்தை எடுத்துப் பாருங்கள்

முழுச் சேமிப்பையும் அனுப்புவதற்கு முன் ஒரு முழுச் சுற்று ஒத்திகை அவசியம். 1,000 ரூபாய் அனுப்பி, சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு பங்கை டெலிவரியில் வாங்குங்கள். இந்தியச் சந்தையில் பரிவர்த்தனை அடுத்த வேலைநாளிலேயே தீர்க்கப்படுவதால், திங்களன்று வாங்கியது செவ்வாயன்று டீமேட் கணக்குக்கு வந்துவிட வேண்டும். அதைத் தரகரின் செயலியில் பார்ப்பதோடு நிறுத்தாமல், பங்குகளை மின்னணு வடிவில் காக்கும் சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் அமைப்பின் சொந்தத் தளத்தில் உள்நுழைந்து பாருங்கள். உங்கள் பங்கு உண்மையில் இருப்பது அங்கேதான். தரகரின் திரை ஒரு சாளரம் மட்டுமே. 2019-இல் ஒரு பெரிய தரகு நிறுவனம் வாடிக்கையாளர்களின் பங்குகளை அவர்களுக்குத் தெரியாமல் அடகு வைத்தது வெளிவந்தபோது, நிறுவனம் அனுப்பிய அறிக்கைகளை மட்டும் நம்பியிருந்தவர்களுக்குத்தான் பேரதிர்ச்சி.

பிறகு அதை விற்று, பணத்தை வங்கிக்கு எடுத்து, எத்தனை மணிநேரத்தில் வந்து சேர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலை 9:15 மணிக்குச் சந்தை திறக்கும் முதல் சில நிமிடங்களில் செயலி திணறுகிறதா என்பதையும் இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். வாடிக்கையாளர் சேவைக்கு ஒருமுறை அழைத்து, டிபி கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். எத்தனை நிமிடத்தில் ஒரு மனிதர் பேசுகிறார், அவர் சொல்லும் தொகையும் லெட்ஜரில் வந்த தொகையும் ஒன்றா என்று பார்த்தால் சேவையின் தரம் தெரிந்துவிடும்.

8. வெளிநாட்டில் இருப்பவர்களும் வங்கிக் கணக்கு வழி செல்பவர்களும்

வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கு என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைந்த தனி வகைக் கணக்கு தேவை. தரகும் கூடுதல், ஆவணங்களும் கூடுதல், எல்லாத் தரகரும் இதை எடுப்பதில்லை. ஊரில் இருந்தபோது தொடங்கிய சாதாரணக் கணக்கை, வேலைக்காக வெளிநாடு சென்ற பிறகும் அப்படியே பயன்படுத்துவது விதிமீறல்.

வங்கிகள் தரும், சேமிப்பு, டீமேட், வர்த்தகம் மூன்றும் இணைந்த கணக்கில், பங்கு வாங்கும்வரை பணம் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கும். இது மன நிம்மதி தரும். அதற்கு விலையாகத் தரகு பெரும்பாலும் அதிகம். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டும் வாங்கும் என் பெரியப்பாவுக்கு நான் இதைத்தான் தேர்ந்து கொடுத்தேன்.

9. சரியில்லை என்றால் புகார் செய்யுங்கள், அல்லது வெளியேறுங்கள்

தவறான கட்டணம் பிடிக்கப்பட்டால் முதலில் தரகருக்கே மின்னஞ்சலில் எழுதுங்கள். தொலைபேசிப் பேச்சுக்குச் சான்று கிடையாது. தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகாரைப் பதியுங்கள். பதில் தர நிறுவனத்துக்கு 21 நாள் அவகாசம். அதிலும் தீரவில்லை என்றால் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற இணையவழிச் சமரசத் தளம் இருக்கிறது. லெட்ஜரின் பக்கத்தையும் கட்டணப் பட்டியலின் அன்றைய படத்தையும் இணைத்து நான் எழுதிய ஒரே மின்னஞ்சலில், தவறாகப் பிடித்த தொகை நான்கு நாளில் திரும்பி வந்தது. கணக்குத் தொடங்கும் நாளிலேயே கட்டணப் பட்டியலைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

வெளியேறுவது என்று முடிவெடுத்தால் பங்குகளை விற்க வேண்டியதில்லை. உங்கள் பெயரிலேயே புதிய டீமேட் கணக்கு இருந்தால், பழைய கணக்கை மூடும் விண்ணப்பத்தோடு பங்குகளை அப்படியே மாற்றிக்கொள்ளலாம். கணக்கை மூடி அதே உரிமையாளரின் கணக்குக்கு மாற்றும்போது மாற்றக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. புதிய கணக்கின் விவரச் சான்றான சிஎம்ஆர் அறிக்கையை முதலில் வாங்குங்கள். இரு கணக்குகளிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும் என்பதால், ஐந்தாம் படியில் சொன்ன இனிஷியல் சிக்கல் இங்கேயும் வந்து நிற்கும். லெட்ஜரில் பாக்கி இருந்தால் கட்டி முடியுங்கள்.

மூடும் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன், பழைய கணக்கில் உள்நுழைந்து எல்லா ஆண்டுகளின் ஒப்பந்தக் குறிப்புகளையும், லெட்ஜரையும், மூலதன லாப அறிக்கையையும் இறக்கி இரண்டு இடங்களில் வையுங்கள். புதிய தரகரின் திரையில் உங்கள் பங்குகள் வந்து சேரும், ஆனால் என்ன விலைக்கு, எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்ற விவரம் கூடவே வராது. பல ஆண்டு கழித்து விற்கும்போது வருமான வரிக் கணக்கில் அந்தத் தேதியையும் விலையையும் எழுத வேண்டியிருக்கும். மூடிய கணக்கில் அன்று உள்நுழைய முடியாது.